எங்கே இருக்கிறாய்?

மனிதன் மனிதனைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி காலத்துக்குக் காலம் மாறிக் கொண்டே வந்திருக்கிறது. என் பாட்டி காலத்தில் வாசலில் வந்து நின்றவரிடம் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டார்கள். என் தகப்பனார் காலத்தில் கடிதங்கள் "சௌக்கியமா?" என்று ஆரம்பித்தன. இன்று நாம் கைபேசியைக் காதில் வைத்ததும், சாப்பாட்டையும் சௌக்கியத்தையும் விட்டுவிட்டு, "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கிறோம்.

கூடத்துச் சுவர் ஓரமாக முக்காலியில் வீற்றிருந்த பழைய டெலிபோனிடம் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. மணி அடித்தது, ஒருவர் எடுத்தார், ஆகவே அவர் வீட்டில் இருக்கிறார். அந்த நாளில் டெலிபோனைக் கட்டிப் போட்டுவிட்டு மனிதன் ஊர் சுற்றினான். இப்போது டெலிபோனும் அவனோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. கூடச் சுற்றுகிறவன் எல்லாவற்றையும் பார்க்கிறான். கேட்கிறவர்களுக்குச் சொல்லவும் சொல்கிறான்.

ஒருவன் இருக்கும் இடத்தைத் தெரிந்து கொள்ள இன்னொருவனுக்கு என்ன பாத்தியதை? இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து எனக்கு வந்ததில்லை. பழவேற்காட்டில் ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் வந்தது. அதற்கு முன்பே என் சொந்த வீட்டில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த வெட்கத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. வடக்கும் தெற்குமாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு உப்பும் நன்னீருமாகக் கலந்து கிடக்கும் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்துக்குச் சொந்தம். தெற்கு முனை நம்முடையது. எல்லைக் கோடு தண்ணீரின் மேல் போகிறது. மீனுக்கு அது தெரியாது. மீனவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவன்தான் அதற்காக உதைபடுகிறவன். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். கோட்டை போய்விட்டது; கல்லறைகள் இருக்கின்றன. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்க, உள்ளே அவர்கள் உறங்குகிறார்கள். 'எங்கே இருக்கிறாய்?' என்ற கேள்விக்கு ஒரு நாளும் தப்பான பதில் சொல்லாதவர்கள் அந்த ஊரில் அவர்கள் மட்டுந்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாவலுக்காக அங்கே போக ஆரம்பித்தேன். நாவல் முடிந்த பிறகும் போவதை நிறுத்த முடியவில்லை. ஒரு குப்பத்தில் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணை எனக்கு உரிமையான இடம் போல ஆகிவிட்டது. பெரியவர் இப்போது ஏரிக்குப் போவதில்லை. அவருடைய பேரன் போகிறான். இருபத்து நான்கு வயது. நல்ல பையன், அதிகம் பேச மாட்டான்.

சென்ற முறை நான் போயிருந்தபோது அவன் முகம் சரியாக இல்லை. பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

ஏரியின் அக்கரையில், ஆந்திர எல்லைக்குள், கரையில் கட்டியிருந்த படகுகளிலிருந்து ஓர் இரவு இரண்டு என்ஜின்கள் களவு போயின. விசாரித்த அதிகாரி, அந்த இரவில் அந்த இடத்துச் செல்போன் கோபுரத்தின் கீழ் எந்தெந்த எண்கள் இருந்தன என்று கம்பெனியிடம் கேட்டு வாங்கினார். பட்டியல் வந்தது. உள்ளூர்க்காரர்களின் எண்களுக்கு நடுவே தமிழ்நாட்டு எண் ஒன்று, இரவு 2 மணிக்கு. பேரனுடைய எண். மறுநாள் அவனைக் கூட்டிப் போய் ஒரு காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு அங்கே என்ன வேலை?"

"அங்க இல்லை சார். நான் பாட்டுல இருந்தேன்."

"பாட்டா? ராத்திரி ரெண்டு மணிக்கு என்னடா பாட்டு?"

இதைச் சொல்லும்போது பெரியவரே சிரித்துவிட்டார். பேரன் சிரிக்கவில்லை.

அவன் சொன்னது பாடு. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கோபுரம் சொன்ன சாட்சியைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

செல்போன் கோபுரத்துக்குக் கண் கிடையாது; காதுதான் உண்டு. நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் நம் சட்டைப் பையிலுள்ள கருவி அவ்வப்போது "நான் இங்கே இருக்கிறேன், இருக்கிறேன்" என்று குரல் கொடுத்துக் கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள கோபுரங்களில் எதன் சத்தம் அதற்கு நன்றாகக் கேட்கிறதோ, பெரும்பாலும் அதனோடு ஒட்டிக் கொள்கிறது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் சாதாரணமாக மூன்று முகங்கள். ஒவ்வொரு முகமும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துக் கொள்கிறது. ஒருவர் பேசும்போதோ செய்தி அனுப்பும்போதோ, எந்தக் கோபுரம், எந்த முகம், எத்தனை மணி என்று கம்பெனியின் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்தக் கணக்கைக் குறைந்தது இரண்டு வருஷம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று 2021-ல் விதி செய்திருக்கிறார்கள். போலீஸ் கேட்டு வாங்குவது இந்தக் கணக்கைத்தான்.

தியாகராய நகரில் சில நூறு அடிக்கு ஒரு கோபுரம் இருக்கிறது. அங்கே இந்தச் சாட்சி, ஆள் எந்தத் தெருவில் இருந்தான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடும். பல கோபுரங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நெருங்கலாம். ஆனால் ஏரியில்? மரமில்லை, மாடியில்லை. அமைதியான இரவில் அக்கரையில் பேசுகிற பேச்சு இக்கரையில் கேட்குமே, அதைப்போல அலையும் தண்ணீரின் மேல் தடையில்லாமல் வழுக்கிக் கொண்டு போகிறது. பழைய முறைக் கோபுரம் ஒன்று 35 கிலோமீட்டர் வரைகூடக் காது கொடுக்கும். இதே திண்ணையில் ஒரு மாலை நான் உட்கார்ந்திருந்தபோது என் கைபேசி, 'ஆந்திரப் பிரதேசத்துக்கு நல்வரவு' என்று என்னை வரவேற்றது. கையில் தேநீர், முன்னால் பெரியவர். நான் மட்டும் பிரயாணம் போய்விட்டேன்!

கோபுரம் பொய் சொல்லவில்லை. 'இந்தக் கருவியின் குரல் எனக்குக் கேட்டது' என்றுதான் அது சொல்லிற்று. 'இந்த மனிதன் அங்கே நின்றான்' என்று அதை மாற்றி வாசித்தது நாம். சாட்சி சொல்லாததைச் சாட்சியின் வாயில் வைப்பது கோர்ட்டில் பழைய தப்பு. அதைச் செய்ய இப்போது புதிய கருவி வந்திருக்கிறது.

பையனை விடுவித்தது எது தெரியுமா? இன்னொரு கணக்கு.

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம். வலை வைத்திருப்பவர்கள் அதிகம். எல்லாரும் ஒரே இடத்துக்குப் பாய்ந்தால் தினமும் அடிதடிதான். ஆகவே அங்கத்திய பழைய குப்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்து கொண்டன. இன்ன இடத்தில் இன்ன நாள் வலை போடும் முறை இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பங்கிட்டு, சுற்றி வரும்படி வைத்துக் கொள்கிறார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். ஒருவனுடைய முறையில் இன்னொருவன் வலை போட முடியாது, ஊர் விடாது. கூட்டுறவைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் தேடிவந்து ஆராய்கிற ஏற்பாடு இது.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாக வருகிறது. எந்த இரவில் எவன் எங்கே இருப்பான் என்பது ஊருக்கே தெரியும். அந்த இரவில் முறை பெரியவர் வீட்டுக்கு. பக்கத்துப் பாட்டில் இருந்தவர்கள் அவனுடைய விளக்கைப் பார்த்திருக்கிறார்கள். விடிகாலையில் அவன் கொண்டுவந்த இறாலை எடை போட்டவர் இருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கிளம்பிப் போய், முறை எழுதியிருந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டிச் சாட்சி சொன்னார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. குந்த வெச்சாங்க, அவ்வளவுதான்" என்றான். சற்றுப் பொறுத்து, "போன் போன எடத்துக்கெல்லாம் நான் போவல, சார்" என்றான். அவனுடைய மனுவே அவ்வளவுதான்.

அந்த அதிகாரியை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. என்ஜினைப் பறிகொடுத்தவனும் மீனவன்தான். அவன் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். குழந்தையைக் கடத்திக் கொண்டு போனவன் எங்கே என்று தாய் தலையில் அடித்துக் கொண்டு வரும்போது, கோபுரத்தின் கணக்கைப் பார்க்காத போலீஸ்காரர் இருந்தால் அவரை யார் மன்னிப்பார்கள்? 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள். அதன் பிறகு கடற்கரை நெடுகக் காவல் பலத்தது. மீனவர்களுக்கு அடையாள அட்டைகள் வந்தன. இதிலெல்லாம் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

இதற்கு மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் கைபேசி ஊமை. அவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த டிசம்பரில் அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மேல் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. சர்க்கார் தங்களைப் பார்க்கிறதே என்று அழுதவர்கள் இல்லை; பார்க்கவில்லையே என்று அழுதவர்கள். பிறகு இஸ்ரோ விஞ்ஞானிகள் படகில் பொருத்தும் ஒரு கருவியைச் செய்தார்கள். ஆபத்தில் படகிலிருந்து செய்தி போகும், கரையிலிருந்து செய்தி வரும். ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள்.

ஆகவே பிறர் பார்ப்பது தீமை என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. தொழில் செய்வதற்கே ஊருக்கெல்லாம் தன் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவன் பழவேற்காட்டு மீனவன். அவன் அதற்காக என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை, பயந்ததும் இல்லை. பின் எதற்காக அந்தப் பையன் முகம் வாடிப் போயிற்று?

திண்ணையில் உட்கார்ந்தால் தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரியும். பழவேற்காட்டில் விளக்கு ஏற்றத் தொடங்கியது 1859-ல். அதையும் செல்போன் கோபுரத்தையும் அன்று மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தேன். இரண்டும் உயரம், இரண்டும் இரவில் விழித்திருப்பவை. ஆனால் விளக்கு, 'நீ இருக்கும் இடம் இது' என்று மனிதனுக்குச் சொல்கிறது, 'நீ யார்?' என்று கேட்பதில்லை. கோபுரம் முதலில் 'நீ யார்?' என்று கேட்டுக் கொள்கிறது. இடத்தையோ வேறு ஒருவருக்குச் சொல்கிறது. ஆகாயத்து உபக்கிரகங்கள் நம்மைப் பார்த்துக் கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வழிகாட்டும் உபக்கிரகங்கள் கலங்கரை விளக்கத்தின் ஜாதி. அவை நேரத்தைக் கூவிக் கொண்டே சுற்றுகின்றன. அந்தக் கூவலைக் கேட்டுக் கணக்குப் போட்டுக் கொள்வது நம் கையிலுள்ள கருவி. நம் நாட்டு வழிகாட்டி உபக்கிரகங்களில் முதலாவது 2013 ஜூலை 1-ல் ஏறியதும் இந்த ஏரியின் எதிரேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். விண்ணில் இருப்பது யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை. காட்டிக் கொடுக்கும் வேலை பூமியில்தான் நடக்கிறது.

நம் நீதிமன்றங்கள் இதை யோசிக்காமல் இல்லை. டெலிபோன் பேச்சை ஒட்டுக் கேட்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் முறைகளை வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2024 ஜூலையில் இன்னும் நெருக்கமான ஒரு வழக்கு வந்தது. ஜாமீனில் விடுபட்ட ஒருவர் தான் இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தார்கள். ஜாமீன் கொடுத்துவிட்டு ஓயாமல் பின்தொடர்வதா என்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ஒப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் மீதி இருக்கிறது. ஒருவர் பேச்சைக் கேட்பதென்றால், வழக்கமாக உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அவர் இருந்த இடங்களின் பழைய கணக்கை வாங்க, மேலதிகாரியின் சம்மதத்தோடு போலீஸ் எழுதும் கடிதம் போதும். பேச்சைவிட இடம் சின்ன விஷயம் என்று நினைத்து விட்டார்கள் போலிருக்கிறது.

அமெரிக்காவில் 2018-ல் ஒரு வழக்கு. கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுடைய 127 நாள் இருப்பிடக் கணக்கைப் போலீஸ் வாங்கிவிட்டது; நாளொன்றுக்குச் சராசரி நூறு இடக் குறிப்புகள். நீதிபதியிடம் வாரண்டு வாங்காமல் இப்படிச் செய்யக் கூடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நாளைக்கு நூறு குறிப்பு என்றால் அது இடமா? கோயிலுக்குப் போனதும், வைத்தியரிடம் போனதும், கடன்காரனுக்குப் பயந்து வேறு தெருவில் வளைந்து வந்ததும் அதில் இருக்குமே! அதற்குப் பெயர் வாழ்க்கை.

இவ்வளவையும் யோசித்தும் பையன் முகவாட்டத்துக்கு விடை கிடைக்கவில்லை. விடையைப் பெரியவரின் மனைவிதான் கொடுத்தாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பேரன் இரவில் ஏரிக்குப் போகும்போது கைபேசியை அணைத்து வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போகிறானாம். நான் போயிருந்தது ஐப்பசி மாதம். வடக்கே மின்னிக் கொண்டிருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் காற்று எப்படித் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாத பருவம். கிழவி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து கொண்டிருந்தாள்.

"போன் கையில இருந்தா, காத்து மாறுதுடா, வந்துடுன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். இப்ப அதுவும் இல்ல" என்றாள்.

"போலீஸ் பார்க்கிறதுக்குத்தானே அம்மா அவன் பயப்படுகிறான்? நீங்களும்தான் அவன் எங்கே என்று பார்த்துக் கொண்டே இருக்கிறீர்கள்" என்றேன், ஒரு பேச்சுக்கு.

கிழவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா இருக்குதே நீங்க சொல்றது! நாங்க பாக்குறது, அவன் வந்தா சோறு போடறதுக்கு, வராட்டி தேடிக்கினு போறதுக்கு. அவங்க எதுக்குப் பாக்குறாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது, நான் தேடிய விடை இதுதான் என்று பட்டது. ஒருவன் இருக்கும் இடத்தைத் தெரிந்து கொள்வது அவனிடம் கடன் வாங்குவது போல. ஊர் அவன் இடத்தைத் தெரிந்து வைத்திருந்தது; அவனுக்கு ஒன்று என்றதும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு கிளம்பிக் கடனைத் தீர்த்தது. அவன் பாட்டை ஊர் அறியும். ஊர்க்காரன் பாட்டை அவனும் அறிவான். கோபுரத்தின் கணக்கைப் பார்த்தவர்களோ அவன் இருந்த இடத்தை எடுத்துக் கொண்டார்கள். பதிலுக்கு அவனுக்கு எதுவும் தர வேண்டியதாக அவர்கள் நினைக்கவில்லை. ஏன் பார்த்தோம் என்ற காரணம்கூட அவன் கைக்கு வரவில்லை. தப்பாகப் பார்த்துவிட்டோம் என்ற ஒரு வார்த்தையும் வரவில்லை. குழித்துறைத் தண்டவாளத்தில் உட்கார்ந்த பெண்கள் கேட்டதும் இந்தக் கடனைத்தான் என்று நினைக்கிறேன். கடனைத் திருப்பித் தரும் எண்ணமில்லாமல் தெரிந்து கொள்வதற்குப் பெயர் வேறு. அந்த இரண்டு என்ஜின்களை எடுத்துக் கொண்டு போனவனும் அதைத்தானே செய்தான்!

இனி என் வெட்கத்துக்கு வருகிறேன்.

என் மகள் சென்னையிலேயே ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். வீடு திரும்ப நேரமாகிறதே என்று நான் கவலைப்பட்டதால், அவளே என் கைபேசியில் ஓர் ஏற்பாடு செய்து வைத்தாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி, அதுதான் அவள். ஒரு நாள் பகல் மூன்று மணிக்குத் தற்செயலாகப் பார்த்தேன். புள்ளி ஆபீசில் இல்லை. எங்கேயோ ஒரு பூங்காவில் இருந்தது. நாலு மணிக்கும் அங்கேயே. ஐந்து மணிக்கும் அங்கேயே. இரவு வந்தவளிடம் "ஆபீசில் வேலை அதிகமோ?" என்று கேட்டேன். "ஆமாம் அப்பா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு வாரம், மணிக்கொரு தரம் அந்தப் புள்ளியைப் பார்த்துக் கொண்டிருந்தேன். நாவல் எழுதுகிறவனுக்குக் கற்பனைக்கா பஞ்சம்? பூங்காவில் அவளோடு யாரை உட்கார வைப்பது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கதை பண்ணினேன். அந்த அதிகாரிக்காவது இரண்டு என்ஜின் களவு போயிருந்தது. எனக்கு என்ன களவு போயிற்று?

பழவேற்காட்டிலிருந்து திரும்பிய மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக் கொண்டேன். கோபித்துக் கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அன்றைக்குத்தான் அப்பா என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டுக்கு வர மனம் வராமல் அங்கே உட்கார்ந்திருந்தேன்" என்றாள். பிறகு, "நீங்கள் பார்த்துக் கொண்டா இருந்தீர்கள்? யாராவது ஒருத்தர் கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது எனக்கு. பார்த்துவிட்டு ஏன் அப்பா கூப்பிடவில்லை?" என்று கேட்டாள்.

அந்த நீலப் புள்ளியை இப்போது பார்ப்பதே இல்லை என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும்; ஆனால் அது பொய். பார்க்கத்தான் செய்கிறேன். பார்த்தால், கூப்பிட்டு விடுகிறேன்.